குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பேசியவை

ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் திடல் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம்தான் குழந்தைகள் காப்பகம். சுற்றியுள்ள தொழிற்சாலைகள் சேர்ந்து பணம் கொடுக்க, ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் இருட்டு பிரிவதற்குள் வந்து, தோளில் தூங்கும் பிள்ளையை அப்படியே கைமாற்றிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அந்தப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள வாசலில் நிற்பவள் லீலா. காப்பகத்தின் பொறுப்பாசிரியை.

லீலா மண்ணூர்க்காரி. அப்பா வயரிங் வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியர் பயிற்சி பெற்றதும், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு கிடைத்தது. அங்கே வகுப்பு சத்தமில்லாமல் இருந்தால் நல்ல டீச்சர். அந்த விதத்தில் லீலா மிக நல்ல டீச்சராக இருந்தாள். விரல் நீட்டினால் போதும், நாற்பது பிள்ளைகளும் வாய் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். "வூட்ல இவன் வாயே மூட மாட்டான் மிஸ். இங்க எப்பிடி?"

லீலாவும் சிரித்துவைத்தாள். அந்தப் பையன் ஒரு வருடமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தாள். அவன் பேசியது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை தலைமை ஆசிரியையிடம் போய் அதைச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அதுக்கு இன்னா இப்போ? போர்ஷன் முடிச்சிட்டியா இல்லியா?"

முடித்திருந்தாள். அதற்கு மேல் பேச அங்கே யாரும் இல்லை. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் அவள் கணவன் தாவீதிடம் சொன்னபோது, "நாப்பது பேர வெச்சிகினு ஒவ்வொருத்தன் குரலையும் எப்பிடி ஞாபகம் வெச்சிப்ப, வுடு" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஆறுதல் இல்லை. தன்னைப் போலவே பிள்ளைகளோடு நாளைக் கழிக்கிற ஒருவர் எதிரில் உட்கார்ந்து, 'அப்புறம்?' என்று கேட்டிருந்தால் போதும்.

பல வருடங்கள் கழித்துக் காப்பகத்தின் பொறுப்பு அவள் கைக்கு வந்தபோது, அப்படிக் கேட்பதற்கு ஓர் இடம் உண்டாக்கியதுதான் அவள் முதலில் செய்த காரியம். சுவரில் எழுத்துகள் வரையவில்லை. பாட்டு மாற்றவில்லை. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கியதும், கூடத்து வாசல்படி ஓரமாக ஒரு பாயை விரித்தாள். தூங்கும் பிள்ளைகள் கண்ணில் படும் இடம். அங்கே வேலை செய்பவர்களை உட்காரச் சொன்னாள். ஆசிரியை அறிவுமதி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டும் ஞானம்மா, கொஞ்ச காலம் கழித்து வந்து சேர்ந்த இசக்கிசெல்வி.

"இன்னிக்கு எந்தக் கொழந்தைகிட்ட நமக்கு ஒண்ணும் புரியாம போச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றாள் லீலா. "நல்லா நடந்தத சொல்ல வேணாம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேக்கலாம். இந்தப் பாய்ல பேசறது இந்தப் பாயோட இருக்கும். யார்கிட்டயும் போவாது."

முதல் வாரங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. லீலா தன்னைப் பற்றியே சொன்னாள். மெட்ரிக் பள்ளிப் பையனைப் பற்றிச் சொன்னாள். காலையில் ஒரு குழந்தை எதையோ காட்ட வந்தபோது, போனில் பேசிக்கொண்டே கையால் தள்ளிவிட்டதைச் சொன்னாள்.

முதலில் பேசியது அறிவுமதிதான். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கம்பெனி விளையாட்டு. வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளைக் கை மாற்றுவார்கள். ஒருத்தி எழுந்து நின்று 'டார்கெட், டார்கெட்' என்று கத்துவாள். அன்று சத்தம் தாங்காமல் அறிவுமதி கட்டைகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டாள்.

"ஒரு பொண்ணு கிட்ட வந்து, மிஸ், கம்பெனி மூடிட்டாங்களான்னு கேட்டா" என்றாள் அறிவுமதி. "அவ அம்மாவுக்குப் போன மாசம்தான் வேலை போச்சு. எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துது."

 பிறகு ஞானம்மா மெதுவாகக் கேட்டாள். "நீ இன்னா சொன்ன அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் உறுத்துது."

மறுநாள் அறிவுமதி கட்டைகளை எடுத்துக் கொடுத்து, தானும் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் கொடுத்த வேலையைச் செய்தாள்.

அதற்குப் பிறகு பாயில் உட்காருவது பழகிவிட்டது. ஞானம்மாவுக்குச் சர்க்கரை நோய். சில நாள் கால் மரத்துப்போய், குழந்தை அழுதால்கூட உடனே எழுந்திருக்க முடியவில்லை என்பதை அவள் அங்கேதான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து தொட்டில் பக்கம் அறிவுமதி பார்த்துக்கொண்டாள். ஞானம்மாவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலைகள் வந்தன. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு செல்போன் கம்பெனியில் பாகங்கள் பொருத்தும் லைனில் வேலை பார்த்து, மணிக்கட்டு வலி தாங்காமல் நின்றுவிட்டு, அஞ்சல் வழியில் குழந்தைக் கல்வி படித்துக்கொண்டே காப்பகத்துக்கு வந்தவள். வேகமான பெண். பிள்ளைகளும் லைனைப் போல ஓட வேண்டும் என்று நினைப்பாள்.

நிலவன் ஓட மாட்டான். மூன்று வயது முடிந்திருந்தது. அவன் அம்மா நாச்சியாரும் தெற்கத்திக்காரிதான், கோவில்பட்டிப் பக்கம். ஜெனரல் ஷிப்டு. அப்பா மறைமலை நகரில் வெல்டர். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. நிலவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடிப்பான். பகலெல்லாம் சாதுவாக இருந்துவிட்டு, மதியம் எழுந்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையைப் பிடித்துக் கடித்துவிடுவான்.

ஒரு நாள் மதியக் கூட்டத்தில் இசக்கிசெல்வி உட்கார்ந்ததும் சொன்னாள். "நேத்து நான் ஒரு காரியம் செஞ்சிட்டேன் டீச்சர்."

"சொல்லு."

"நெலவன் ஒரு பிள்ளையக் கடிச்சு ரத்தம் வந்துட்டு. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. தூக்கிட்டுப் போயி பாய் வைக்கிற ரூமுக்குள்ள விட்டுக் கதவச் சாத்திட்டேன். செத்த நேரந்தான். உள்ள இருந்து கத்துனான். பொறவு சத்தம் நின்னுட்டு."

அறிவுமதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். லீலா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். தன் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ள லீலா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"சத்தம் நின்னப்போ உனக்கு இன்னா தோணிச்சு?" என்று கேட்டாள்.

"அடங்கிட்டாம்னு நெனச்சேன். சந்தோசமாக்கூட இருந்துச்சு. கதவத் தொறந்தா, அவன் என்னயப் பாக்கல டீச்சர். சொவத்தப் பாத்து நிக்கான். நான் தூக்குனேன். கட்டை மாதிரி வாரான். அழவே இல்ல." இசக்கிசெல்வி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "அவன் அழுதிருந்தா நான் ஒங்கள்ட்ட இதச் சொல்லியிருக்க மாட்டேனோ என்னமோ."

தூங்கும் பிள்ளைகளில் ஒன்று புரண்டு படுத்தது. 

"அவன் எப்பவும் எப்போ கடிக்கிறான்?" என்று லீலா கேட்டாள்.

மதியம். தூங்கி எழுந்த பிறகு. எழுந்து எவ்வளவு நேரம் கழித்து? ஒவ்வொருவராக நினைவைக் கிளறினார்கள். பஸ் வந்த பிறகு என்றாள் ஞானம்மா. ஹாரன் அடித்த பிறகு என்றாள் அறிவுமதி. முதல் ஷிப்டு முடிந்து பஸ்கள் திடலுக்குள் வரும்போது ஹாரன் அடிப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வருவார்கள். நாச்சியார் வரமாட்டாள். அவள் வரப் பொழுது சாய வேண்டும்.

"எல்லாப் பிள்ளைக்கும் அம்மா வருது. அவனுக்கு மட்டும் வரலன்னு" என்று சொல்லிவிட்டு இசக்கிசெல்வி நிறுத்திக்கொண்டாள். வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஹாரன் அடிக்கும் நேரத்துக்கு முன்பே இசக்கிசெல்வி நிலவனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். இரண்டு பேரும் டம்ளர் கழுவுவார்கள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். பஸ் சத்தம் கேட்டால் அவள் சொல்லுவாள். "இது நம்ம பஸ்ஸு இல்லலா. நம்ம பஸ்ஸு பொறவு வரும்."

முதல் சில நாள் அவளையே கடித்தான். அவள் கையை இழுக்கவில்லை. பிறகு கடிப்பது குறைந்து, நின்றுபோயிற்று. பிறகு வேறு யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டேன் என்றான். "செல்வி செல்வி" என்று அவள் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு காப்பகம் முழுக்க நடந்தான். நாச்சியாருக்கும் அவள்மேல் பிரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள்.

லீலாவுக்கு அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. இரவு தாவீதுக்குச் சோறு போடும்போது நிலவனைப் பற்றிப் பேசுவாள். பாயில் உட்கார்ந்த நான்கு பெண்கள் ஒரு பையனைக் கண்டுபிடித்தார்கள் என்ற நினைப்பு அவளுக்குள் இருந்தது. இசக்கிசெல்வி அவனை அறையில் விட்டுக் கதவைச் சாத்திய விஷயத்தை நாச்சியாரிடம் சொல்ல வேண்டுமா என்று இரண்டொரு முறை யோசித்தாள். பாயில் பேசியது பாயோடு என்று சொல்லியிருக்கிறோமே, சொன்னால் இனி யார் வாய் திறப்பார்கள் என்று விட்டுவிட்டாள். பிள்ளைதான் இப்போது சிரிக்கிறானே என்றும் நினைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து, தம்பி கல்யாணத்துக்காக இசக்கிசெல்வி ஊருக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நாளில்தான் அது நடந்தது.

மதியம் பாய் எடுக்க ஞானம்மா அந்த அறைக்குப் போனாள். நிலவன் பின்னாலேயே வந்தது அவளுக்குத் தெரியவில்லை. காற்றில் இரும்புக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. கதவு நிலையில் அவன் கை இருந்தது. அந்தக் கதவுக்கு ஒரு தடுப்பு போட்டுக் கொடுங்கள் என்று லீலா அறக்கட்டளையிடம் பலமுறை கேட்டிருந்தாள். ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

வலது கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கிவிட்டது. லீலா அவனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ஆம்புலன்ஸில் ஏறினாள். போகிற வழியெல்லாம் அவன் அம்மாவைக் கேட்கவில்லை. "செல்வி எங்க" என்று மட்டும் கேட்டான். நுனியைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். அறக்கட்டளையிலிருந்து கோதண்டம் என்ற அதிகாரி வந்தார். தொழிற்சாலைகளின் தரப்பில் பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் சிலர். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். நாச்சியார் மடியில் நிலவனை வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். ஊரிலிருந்து திரும்பியிருந்த இசக்கிசெல்வி சுவரோரம் நின்றாள்.

கோதண்டம் மரியாதையானவர். முதலில் ஞானம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். 

"பையன் ஏன் அந்த ரூமுக்குப் போனான்? அவனுக்குப் பழக்கமான எடமா அது? முன்ன எப்பவாவது உள்ள போயிருக்கானா?" என்று கேட்டார் கோதண்டம்.

ஞானம்மா லீலாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எல்லோரும் பார்த்தார்கள். கோதண்டமும் திரும்பினார். "சொல்லுங்க மேடம்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லீலாவுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் கட்டோடு ஒரு பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அதைவிட, உண்மையை முழுதாகச் சொன்னால் இவர்களுக்கும் புரியும் என்று அவள் நம்பினாள். பாயில் உட்கார்ந்தவர்களுக்குப் புரிந்ததே.

"ஒரு தரம் நடந்துது சார்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடித்தது, கதவைச் சாத்தியது, மறுநாள் அவளே வந்து சொன்னது, ஹாரன் சத்தம், டம்ளர் கழுவியது, அவன் கடிப்பதை விட்டது. "அந்தப் பொண்ணு தானா வந்து சொல்லலன்னா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது சார். அவ சொன்னதாலதான் இந்தப் பையன எங்களுக்குப் புரிஞ்சுது. அவன் அவகிட்ட எப்பிடி ஒட்டிகினு இருக்கான்னு யார வேணா கேளுங்க."

பேசி முடித்து நிமிர்ந்தபோது, பாதுகாப்புப் பிரிவுக்காரர் ஒருவர் குனிந்து பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கோதண்டம் இசக்கிசெல்வியைப் பார்த்தார்.

"கொழந்தைய ரூம்ல போட்டுப் பூட்டினீங்களா?"

"பூட்டல சார். சாத்துனேன்."

"சாத்தினீங்க."

"ஆமா சார்."

நாச்சியாரின் முகத்தை லீலா அப்போதுதான் பார்த்தாள். அவள் இசக்கிசெல்வியையும் பார்க்கவில்லை, லீலாவையும் பார்க்கவில்லை. பையனின் கட்டுப் போட்ட கையைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

நிலவன் மடியிலிருந்து நழுவி இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. நேராக இசக்கிசெல்வியிடம் நடந்து போனான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவளிடம் காட்டினான். "செல்வி, வலிக்கி" என்றான். அவள் குனிந்தாள். அவனைத் தொடுவதற்குள் நாச்சியார் எழுந்து வந்து அவனை இழுத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவன் கத்தியது திடலைத் தாண்டும் வரை கேட்டது.

எல்லோரும் போன பிறகு கோதண்டத்திடம் லீலா கெஞ்சினாள். "அன்னிக்கு அவ ஊர்லயே இல்ல சார்."

"தெரியும் மேடம். நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நெஜமாவே புரியுது. ஆனா கொழந்தைய ரூம்ல அடைச்சவங்கன்னு தெரிஞ்சதுக்கப்புறம் நான் எப்பிடி அவங்கள இங்க வெச்சிருக்க முடியும்? நாளைக்கு வேற ஒரு அம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?"

 அவர் சொன்னதில் தப்பு இல்லை. இசக்கிசெல்வியை மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லீலாவை எச்சரித்தார்கள். அந்த மாதமே கதவுக்குத் தடுப்பு போட ஆள் வந்தான்.

விசாரணை நடந்த அன்றே, பாத்திரம் கழுவும் இடத்தில் ஞானம்மா லீலாவை நிறுத்திக் கேட்டாள். "நான் காலு மரத்துப் போவுதுன்னு சொன்னேனே டீச்சர். அத யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேன் ஞானம்மா."

"செல்வி சொன்னதயும் சொல்ல மாட்டேன்னுதான சொன்ன" என்றாள் ஞானம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள்.

தாவீதிடம் அன்றிரவு லீலா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? தாவீது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ நெஜத்ததான் சொன்ன. அதுக்கு மேல எனக்குத் தெர்ல லீலா" என்றான்.

சில நாள் கழித்து நாச்சியார் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். நிலவனின் மாற்றுத்துணிப் பை, தண்ணீர் பாட்டில். பையன் வரவில்லை. கோவில்பட்டியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றாள். இங்கே வேலையை விட முடியாது. இனி மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

லீலா பையை எடுத்துக் கொடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "கை ஆறிடிச்சா?" என்று கேட்டாள்.

"ஆறிட்டு வருது." நாச்சியார் போகத் திரும்பினாள். பிறகு நின்றாள். "அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்த ஏன் சொல்லல டீச்சர்?"

லீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நான் அவகூடச் சண்ட போட்டிருப்பேன். முடியப் பிடிச்சுக்கூட இழுத்திருப்பேன். பொறவு சரியாயிருக்கும். அவளும் பாவம், என்னய மாதிரி ஊர விட்டு வந்து கெடக்கா. எனக்கு அவளப் புரிஞ்சிருக்கும். அவ எங்கூட உக்காந்து சாப்பிட்டா டீச்சர், எம் பிள்ளைய மடில வச்சிட்டு. எனக்குத் தெரியாம. அம்புட்டு பேரு முன்னாலதான் நான் தெரிஞ்சிக்கிடணுமா?"

"தப்புதான்மா" என்றாள் லீலா.

"எல்லாத்தயும் நீங்க நாலு பேரு உக்காந்து பேசுனீய. நான் பெத்தவ. என்னய ஒரு நாளும் கூப்பிடல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாச்சியார் போய்விட்டாள்.

லீலா அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றாள். அவள் கட்டிய எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை எது என்று அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பாய் விரித்த நாளிலிருந்து எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறாள். பிள்ளையின் அம்மாவுக்கு இதில் இடம் எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு லீலா சர்ச்சிலிருந்து அப்படியே தன் பிறந்த ஊரான மண்ணூருக்கு பஸ் ஏறினாள். இசக்கிசெல்வி அங்கே ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் மறுபடி லைன் வேலை. நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவளை அறைத்தோழி எழுப்பிவிட்டாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. விடுதி மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்தீய?"

"உன்னப் பாக்கத்தான்."

"நெலவன் எப்பிடி இருக்கான்?"

லீலா சொன்னாள். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதும் இசக்கிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நான் உன்னக் காப்பாத்தணும்னுதான் எல்லாத்தயும் சொன்னேன் செல்வி. முழுசா சொன்னா புரியும்னு நெனச்சேன்."

"தெரியும் டீச்சர். பொய் சொல்லியிருக்கணும்னு நான் சொல்லுதேனா? நான் செஞ்சதுதான. நான் கதவச் சாத்துனதுதான." அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "ஆனா நான் ஒங்கள்ட்டதான சொன்னேன். அந்தப் பாய்ல உக்காந்து சொல்லும்போது அது வேற மாதிரி இருந்துச்சு. அழுதேன், ஆனா நான் ஒரு மனுசின்னு இருந்துச்சு. அங்க போயி அதே வார்த்த என்னமா ஆயிட்டு. அவரு கேட்டாரு, பூட்டுனியான்னு. சாத்துனேம்னேன். ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லேனு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

"படிப்ப விட்டுடாத."

"பாக்குதேன்" என்றாள் அவள். விட்டுவிட்டாள் என்பது லீலாவுக்குத் தெரிந்தது. பஸ் ஏறும் வரை கூடவே வந்து நின்றாள். பஸ் கிளம்பியபோது கை அசைக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, நின்றுகொண்டே தூங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

காப்பகத்தில் மதியப் பாய் விரிப்பது நிற்கவில்லை. லீலா விரித்தாள். ஞானம்மாவும் அறிவுமதியும் வந்து உட்கார்ந்தார்கள். "பசங்க நல்லா சாப்ட்டாங்க" என்றாள் ஞானம்மா. "ஒண்ணும் இல்ல டீச்சர், எல்லாம் நல்லா போச்சு" என்றாள் அறிவுமதி. தினமும் எல்லாம் நல்லா போயிற்று. லீலா தன்னைப் பற்றிச் சொல்லி ஆரம்பித்துப் பார்த்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெற்றோரையும் மாதம் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று கோதண்டத்திடம் கேட்டாள். இப்போது வேண்டாம் மேடம், கொஞ்சம் ஆறட்டும் என்றார். ஞானம்மா கால் மரத்துப் போனால் சொல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். லீலா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இசக்கிசெல்வியின் இடத்துக்குக் கவியா என்ற பெண் வந்தாள். தண்டலத்தில் கல்லூரி முடித்து நேராக வந்தவள். வந்த சில வாரத்தில் ஒரு மதியம், பாயில் உட்கார்ந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. கைவிரல்களைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இன்னிக்குக் காலைல நான் அந்தச் சின்னப்பையன..." என்று ஆரம்பித்தாள்.

சின்னப்பையன் என்பது அவனுடைய பெயரே. தாத்தாவின் பெயராம். இரண்டரை வயது. கைக்கு எட்டியதையெல்லாம் தட்டிவிடுகிற பையன்.

ஞானம்மா கவியாவையும் லீலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அறிவுமதி எழுந்து, தேவையில்லாமல் ஒரு குழந்தையின் போர்வையைச் சரி செய்யப் போனாள்.

கவியாவின் கண்கள் நிறைந்திருந்தன. இன்னும் ஒரு நொடி விட்டால் சொல்லிவிடுவாள். அதைக் கேட்பதற்காகத்தான் லீலா இத்தனை வருடம் இந்தப் பாயை விரித்தாள். அவள் காதில் விழுந்தது கோதண்டத்தின் குரல். பூட்டினீங்களா?

"இரும்மா" என்றாள் லீலா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அத இங்க சொல்லாத."

கவியா வாயை மூடிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

பிள்ளைகள் எழுந்தார்கள். ஹாரன் அடித்தது. அம்மாக்கள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சின்னப்பையனின் அம்மாவுக்கு அன்று ஓ.டி., ஷிப்டு முடிந்தும் வேலை. அவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றான். ஞானம்மா கூப்பிட்டாள், வரவில்லை. கவியா கிட்டே போனபோது இன்னும் உள்ளே நகர்ந்தான்.

காலையில் என்ன நடந்தது என்று லீலாவுக்குத் தெரியாது. கேட்டால் கவியா சொல்லிவிடுவாள். கேட்க அவளால் முடியவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் அம்மா வரும்வரை, விளக்கு போட்ட பிறகும், அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.